ஊசியின் நாக்கைத் தேடித் திருப்பூருக்கு

வியாழக்கிழமை காலை 6.10. திருப்பூர் நிலையத்தில் இறங்கியபோது என் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. நான் பீடி, சிகரெட் எதையும் தொடாதவன். பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் கொக்கிபோல் வளைந்த ஓர் எஃகுத் துண்டு. பெங்களூரிலிருந்து இருநூற்று முப்பது மைல், அது பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஈரோட்டில் ஏறி எதிரே உட்கார்ந்த மஞ்சள் வியாபாரிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நெஞ்சு வலிங்களா?"

"இல்லை. ஊசி."

திறந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இத்தனூண்டுக்கு ஒரு ஆளு டிக்கெட் எடுத்து வாறீங்களா? கெவர்மெண்டு உத்தியோகமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்படும்.

நான் அப்போது ஒரு விமானத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு உதவி அதிகாரி. விமானத்தின் இறக்கைக்குள்தான் எரிபொருள் தொட்டி இருக்கிறது. தொட்டியை மூடுவதற்குமுன் உள்ளே துளித் தூசிகூட இல்லாமல் துடைப்பார்கள். துடைக்கும் துணியிலிருந்து பிசிறு உதிரக்கூடாது; நெய்த துணி உதிர்க்கும், பின்னிய துணி அவ்வளவாக உதிர்க்காது. ஆகவே, வானத்தில் ஒலியைத் துரத்தும் எந்திரத்துக்கு நாங்கள் திருப்பூர் பனியன் துணியை வாங்கிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர் "ஸ்ஸ்" என்று கையை உதறினார். துணியில் சிக்கியிருந்து அவர் விரலைக் குத்தியதுதான் இந்தக் கொக்கி. அதே கட்டுத் துணியால் துடைத்த மூன்று விமானங்கள் வரிசையில் நின்றன. முதல் விமானம் வெள்ளிக்கிழமை காலை சோதனைக்குப் பறக்க வேண்டும்.

பொறியாளர்கள் விளக்கும் கண்ணாடியுமாகத் தொட்டிகளில் எட்டிப் பார்த்தார்கள். வேறொன்றும் தென்படவில்லை. உடைந்தது ஓர் ஊசி, கிடைத்தது ஒரு துண்டு, கணக்கு முடிந்தது என்றார்கள். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் தொட்டிகளை நிரந்தரமாக மூடிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் நான் திருப்பூர் போய், துணி அனுப்பியவரின் ஊசிப் பதிவேட்டைச் சரிபார்த்து, அவரைக் கடிந்துகொண்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும்.

"நிறுத்திவைக்கக் காரணம் ஏதாவது இருந்தால் போன் பண்ணுங்கள். போன் வராவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வோம்" என்றார் மேலாளர்.

அந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு பயங்கரமானது என்று கேட்ட நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஆபீஸ் வாக்கியங்கள் உடனே உறைக்காது.

6.40. நிலையத்துக்கு எதிர்க் கடையில் இரண்டு இட்லி, ஒரு காப்பி, முப்பத்தெட்டு பைசா. காதர்பேட்டை அங்கிருந்து அரை மைல்கூட இல்லை. அதற்குள் கடைகள் திறந்துவிட்டன. தெருவை அடைத்துக்கொண்டு பனியன் மூட்டைகள். மூட்டைகளின் மேல் கான்பூர், கல்கத்தா, நாகபுரி என்று மையால் எழுதியிருந்தது. ஒரு மார்வாடி கையில்லாத பனியன் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி அனுப்பிய இஸ்மாயில் ராவுத்தரின் கடை மூன்றாவது சந்தில் இருந்தது. கடிதங்களில் மூன்று வருஷமாக எனக்குப் பழக்கமானவர். நேரில் பார்த்ததில்லை. ஐம்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றவர், நான் உட்காரும்வரை உட்காரவில்லை. ஒருவரைக் கடிந்துகொள்ள வந்தவனுக்குக் கொங்கு மரியாதையைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. ரயிலில் தயாரித்து வைத்திருந்த முதல் வாக்கியம், "உங்கள் அலட்சியத்தால்" என்று ஆரம்பிப்பது.

"வாங்க சார், வாங்க. ராப்பயணமுங்க, ஒறக்கமிருக்காது. தண்ணி வாத்துக்கறீங்களா? ஊட்டுல வெந்நி போடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். உங்கள்…" என்றேன். மேலே வரவில்லை. தீப்பெட்டியை நீட்டினேன்.

அவர் திறந்து பார்த்தார். முகத்தில் இருந்த உபசாரம் ஒரே நொடியில் வற்றியது. "நம்புளதுதானுங்க" என்றார். "நாலாம் நம்பர் மிஷினுங்க. வாங்க, போயிருவோம்."

என் கையில் ஆதாரக் காகிதம் பன்னிரண்டு பக்கம் இருந்தது. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மறுக்கிறவரிடம்தானே ஆதாரம் காட்ட முடியும்?

8.20. அவருடைய பழைய காரில் காங்கயம் சாலையில் மூன்று மைல். நல்லூரில் ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு நீளக் கொட்டகைதான் கம்பெனி. வட்ட வட்டமாக ஐந்து பின்னல் மிஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் துணி குழாயாகக் கீழே இறங்கியது. அதுவரை துணி என்றால் யாரோ உட்கார்ந்து தைப்பது போன்ற ஒரு காட்சியே என் மனத்தில் இருந்தது. ஒரு மிஷினில் எண்ணூறு ஊசிகள் வட்டமாக நின்று ஏறி இறங்கும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஊசிப் பதிவேட்டின் படிவத்தை எழுதிய மேதை நான்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நிறையப் புத்தகம் படிப்பவன் என்ற கெட்ட பெயர் இருந்ததால் ஆபீஸில் படிவம் எழுதும் வேலையெல்லாம் என் தலையில் விழும்.

பதிவேட்டைக் கொண்டுவந்தவர் மிஷின் ஃபிட்டர் பழனிச்சாமி. முப்பத்தைந்து வயது, காதில் பென்சில், நெற்றியில் திருநீறு. பதிவேடு பழனி பஞ்சாங்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது. நாலாம் நம்பர் மிஷினில் எங்கள் துணிக்கு உடைந்த ஊசிகள் ஏழு; திரும்பப் பெற்ற ஊசிகள் ஏழு. தேதி, நேரம், கையெழுத்து. ஏழு ஊசிகளும் நூலில் கட்டித் தொங்கின.

"ஏழுக்கு ஏழு சரியாக இருக்கிறதே! அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?" என்று தீப்பெட்டியைக் காட்டினேன்.

பழனிச்சாமி நூலில் தொங்கிய ஓர் ஊசியை உருவிக் கொடுத்தார். "இது தண்டுங்க. தலை முறிஞ்சு போயிருக்குது பாருங்க. தண்டக் கொண்டாந்து காமிச்சா நான் புது ஊசி குடுப்பனுங்க. ஊரு பூராவும் அதானுங்க பழக்கம்."

"தலை?"

"தலையை யாருங்க கேட்டது? உங்க பாரத்துல 'திரும்பப் பெற்ற ஊசி'ன்னுதானுங்க போட்டிருக்குது."

பிறகு கொக்கியை நகத்தில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இது தலைங்க. நாக்கு எங்கீங்க?"

"என்ன நாக்கு?"

அவர் புது ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். கொக்கிக்குக் கீழே, குறுக்காணியில் ஆடும் ஒரு குட்டித் தகடு. கொக்கியின் வாயை மூடித் திறக்கிற அதைத்தான் நாக்கு என்கிறார்கள். "இந்த எடத்துல முறிஞ்சா ரெண்டும் போயிருமுங்க. தலை ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். தலை உங்க துணியில வந்துச்சுன்னா நாக்கும் அங்கதான வந்திருக்கும்?"

மணி 9.15. தொட்டி என்பது ஒரே அறையல்ல. உள்ளே தடுப்புத் தகடுகள், மூலைகள், கண்ணாடியும் விளக்கும் போகாத பொந்துகள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க ஒரு விமானத்துக்குப் பதினைந்து நாள். பிரிக்காமல் மூடிவிட்டால், எட்டாயிரம் அடி உயரத்தில் எரிபொருள் போகும் வழியில் அந்த நாக்கு எங்கே போய் உட்காரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதே போன் பண்ணியிருக்க வேண்டும். நான் பண்ணவில்லை. மூன்று விமானங்களை நிறுத்து என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கே ஆபீஸில் குறிப்பு எழுதுகிறவன் நான். இங்கேயே கிடைத்துவிட்டால் ஒருவருக்கும் தொந்தரவில்லையே என்று தோன்றியது.

"கீழ உழுந்தது டப்பாவுல இருக்குமுங்க" என்றார் ராவுத்தர்.

வேலையாட்கள் செருப்பில்லாமல் நிற்கிற இடம். காலில் குத்தாமலிருக்க, ரிப்பேரான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குச்சியில் கட்டித் தினமும் மாலை தரையில் ஓட்டுவார்கள். ஒட்டியதெல்லாம் ஒரு பால்பவுடர் டப்பாவில் சேரும். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. நல்லவேளையாக நாலாம் நம்பர் மிஷினின் ஊசி மற்றதைவிடத் தடித்தது. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, டப்பாவைக் கவிழ்த்து, ஐந்து மிஷினையும் நிறுத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். எந்திரச் சத்தம் நின்றதும் தெருவில் போன பஸ்ஸின் சத்தம் உள்ளே வந்தது.

12.10. தடித்த ஊசியின் தலைகள் ஆறு. என் தீப்பெட்டியில் இருப்பதோடு ஏழு. தடித்த நாக்குகள் ஆறு.

இன்னொரு முறை தேடினோம். ஆறுதான்.

"வெளுப்புல போயிருக்கலாமுங்க" என்றார் பழனிச்சாமி, யார் முகத்தையும் பார்க்காமல். "துணிய வேக வெச்சு அலசறப்ப உழுந்து நொய்யலாத்துலயே போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்" என்றார் ராவுத்தர். "ஏரோப்ளேன்லயும் இருக்கலாம்."

அந்தச் சுருளில் அறுத்த துணிகள் இருநூற்று நாற்பது. நூற்று அறுபது பெங்களூருக்கு வந்துவிட்டது. எண்பது இங்கே கட்டாக இருந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று துணி சோதிக்கும் மாராத்தாளைக் கூப்பிட்டார்கள். வெற்றிலை வாயோடு வந்த அந்த அம்மாள் ஒவ்வொரு துணியையும் கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்தார்.

"கையால் தடவினால் போதாதா?" என்றேன்.

"கை காச்சுப்போச்சுங்க சாமி. குத்துனாலும் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும். நீங்க செத்த தள்ளி உக்காருங்க, நெழலடிக்குது." பிறகு பழனிச்சாமியிடம், "மூஞ்சிய ஏன் கண்ணு இப்பிடித் தொங்கப்போட்டிருக்கற? ஏரோப்ளேன நீயா ஓட்டப்போற?" என்றார்.

எண்பதாவது துணி கன்னத்தை விட்டு இறங்கியபோது மணி 2.40. நாக்கு அதிலும் இல்லை. ராவுத்தர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கூடை திறக்கப்படாமல் மூலையில் இருந்தது.

இந்த ஆர்டர் போனால் நாலாம் நம்பர் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடித்த ஊசிக்கு வேறு துணி கிடையாது. அந்த மிஷினை எங்களுக்காகவே வாங்கியிருந்தார் ராவுத்தர். அதை நம்பிப் பதினோரு பேர் இருந்தார்கள். ராவுத்தர் இதில் ஒரு வார்த்தையும் என்னிடம் சொல்லவில்லை. மாராத்தாள்தான் வெற்றிலை துப்பப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போனார்.

3.20. கொட்டகையின் கடைசியிலிருந்து பழனிச்சாமி ஓடிவந்தார். "கெடச்சிருச்சுங்க! மிஷினுக்கு அடியில, எண்ணெய்த் தட்டுலங்க!"

உள்ளங்கையில் தடித்த நாக்கு ஒன்று எண்ணெயில் பளபளத்தது. ஏழு.

அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. பையைத் திறந்து சான்றிதழை எடுத்து, பேனாவை உதறி, "உடைந்த பாகங்கள் அனைத்தும் கணக்கில் வந்தன" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ராவுத்தர் அந்த நாக்கை வாங்கி, வேட்டி நுனியில் எண்ணெயைத் துடைத்தார். கட்டைவிரல் நகத்தில் ஒரு முறை தேய்த்தார். வேட்டியில் கிடந்த ஆறில் ஒன்றை எடுத்து அதையும் தேய்த்தார். அவரும் இருபது வருஷத்துக்குமுன் மிஷின் ஓட்டியவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

"பழனிச்சாமி."

"மொதலாளி."

"நூலு பட்ட நாக்கு வழுவழுன்னு இருக்கோணுமப்பா. இது சொரசொரங்குது. இது எந்த ஊசி?"

பழனிச்சாமி காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"புது ஊசிய நெரிச்சியா?"

"குறட்டுல… ஆமாங்க. வெளுப்புலதான் போயிருக்குமுங்க மொதலாளி. நெசமாலுமே அங்கதான் போயிருக்கும். அதுக்குப் போயி ஒரு மிஷினு நிக்கோணுமா? பதினோரு ஊடுங்க."

"வெளுப்புல போனத நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"அப்பறம்?" என்றார் ராவுத்தர். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பி, "சார், கையெழுத்துப் போட்டுட்டீங்க" என்றார். அது குற்றச்சாட்டல்ல, தகவல்.

மூன்று வருஷமாக இந்தச் சப்ளையரைக் கண்காணிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். புது இரும்பைப் பழைய இரும்பென்று நம்பிக் கையெழுத்துப் போட்டவனும் நான். காகிதத்தை நாலாகக் கிழித்தேன்.

"போஸ்டாபீஸ் எவ்வளவு தூரம்?"

"வண்டில ஏறுங்க."

4.05. தபால் நிலையத்தில் பெங்களூருக்கு டிரங்க்கால். சாதாரணக் கால் என்றால் இரவு ஆகும் என்றார் குமாஸ்தா. எட்டு மடங்கு கட்டணத்தில் 'லைட்னிங் கால்' என்று ஒன்று உண்டு. மந்திரிகளும் பஞ்சு வியாபாரிகளும் மட்டும் கேட்பார்கள். நான் கேட்டேன். குமாஸ்தா என் சட்டையைப் பார்த்துவிட்டு, "மில்லுங்களா?" என்றார்.

கோயமுத்தூர் லைன் கிடைத்தது, பெங்களூர் கிடைக்கவில்லை. சேலம் வழியாகப் போட்டுப் பார்த்தார்கள். 4.20. 4.30. சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே போட்டிருந்த பெஞ்சில் ராவுத்தரும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"அவனை வேலைய விட்டு நிறுத்தச் சொல்லுவாங்களா சார், உங்க ஆபீஸ்ல?"

"யாரை நிறுத்துவது என்று ஆரம்பித்தால் படிவம் எழுதியவனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்" என்றேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதைக் கடுதாசில எழுதிக் குடுப்பீங்களா?"

4.47. "பெங்களூர் லைன்ல இருக்குது, பூத்துக்குள்ள போங்க!" என்று குமாஸ்தா கத்தினார். மறுமுனையில் விமான வரிசையின் ஃபோர்மன் குரியன். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"என்ன சார், சரியாகிவிட்டதா? ரெண்டு மூடியாச்சு. மூணாவதுல கடைசித் தகடு போட்டுக்கிட்டிருக்கோம்."

"நிறுத்துங்கள். இன்னொரு துண்டு இருக்கிறது."

"எங்கே?"

"தெரியவில்லை. இங்கே இல்லை என்பது மட்டும் நிச்சயம்."

"பதிவேடு?"

"ஏழுக்கு ஏழு சரியாக இருக்கிறது."

"அப்புறம் என்ன சார்?"

"பதிவேடு தப்பு. நான் எழுதிய படிவம் தப்பு. மூன்றையும் திறங்கள், குரியன். என் பெயரைப் போட்டே எழுதிக்கொள்ளுங்கள்."

குரியன் யாரிடமோ மலையாளத்தில் இரைந்தார். சுத்தியல் நின்றது. மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்தது. ராவுத்தர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார்.

மாலை 6.30. நிலையத்துக்கு அவரே கொண்டுவந்து விட்டார். கையில் ஒன்றுமில்லை. "ஊருக்கு வந்தவங்கள ரெண்டு பனியன் குடுக்காம அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. இன்னிக்கு மட்டும் வேண்டாமுங்க, லஞ்சமாப் போயிரும்" என்றார். வண்டி நகர்ந்தபோது கூடவே இரண்டு அடி நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கெடச்சா ஒரு தந்தி அடிங்க சார். ஆர்டருக்காக இல்லீங்க. ஒறங்கோணுமல்லங்க."

அன்றிரவு எனக்கும் உறக்கமில்லை. இல்லாத ஒன்றுக்காக மூன்று விமானங்களைப் பிரிக்கச் சொல்லிவிட்டேனோ என்ற பயம், இருக்கிறது என்ற பயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததாக இல்லை.

பெங்களூரில் பத்து நாள் யாரும் என்னோடு காப்பி சாப்பிட வரவில்லை. எங்கள் தொழிற்சாலை பெரியது. அகலமான சாலைகள், மரங்கள், ஒவ்வொரு வாசலிலும் காவல். ஒரு துண்டு இரும்பைக் குறித்து ஒன்பது பிரிவுகள் ஒன்பது குறிப்புகள் எழுதின, ஒன்பதும் ஒன்றோடொன்று பொருந்தின. நல்லூர்க் கொட்டகையில் ஒரு வேட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆறு பேர். அங்கே கடைசிவரை ஒன்று பொருந்தவில்லை.

பதினோராம் நாள், முதலில் பறக்கவிருந்த விமானத்தின் இடது இறக்கையில், நாலாவது தடுப்புக்குப் பின்னால், எரிபொருள் வெளியேறும் குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாக்கு கிடைத்தது. வழுவழுவென்று இருந்தது. அரை மணியில் திருப்பூருக்குத் தந்தி போயிற்று. ஆர்டர் தொடர்ந்தது. தண்டு, தலை, நாக்கு என்று மூன்று பத்தி போட்ட புதுப் படிவத்துக்கு ஊசிப் படம் வரைந்து அனுப்பியவர் பழனிச்சாமி. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. நியாயமான மெமோதான்.

அந்த வாரம் சோதனை விமானி என் மேஜைக்கு வந்தார். அந்த வெள்ளிக்கிழமை காலை பறந்திருக்க வேண்டியவர். பூதக்கண்ணாடியை வாங்கி நாக்கைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைக்காமல் இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "யார் கண்டுபிடித்தது?"

"கிடைத்தது நம் ஆட்களுக்கு" என்றேன். "காணவில்லை என்று சொன்னவர்தான் திருப்பூரில் இருக்கிறார்."